இடி விழுந்த இடம்: மதுரையைச் சுற்றி நாலு மொட்டை மாடி

மின்னல் அடித்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள பெரிய கருவி எதுவும் வேண்டாம். பழைய பாக்கெட் ரேடியோவை மீடியம் வேவில், நிலையம் எதுவும் வராத இடத்தில் திருப்பி வைத்தால் போதும். சிறுமலைப் பக்கம் மின்னும்போது மதுரை திருநகரில் என் வீட்டில் 'சட் சட்' என்று கேட்கும். 1895ல் ரஷ்யாவின் அலெக்சாண்டர் பொப்போவ் செய்துகாட்டிய வானொலிக் கருவியும் இந்தச் சத்தத்தை வாங்கி மணியடித்ததுதான். எங்கே விழுந்தது என்று சொல்வதுதான் கஷ்டம். அதற்கு நல்ல கடிகாரம் வேண்டும். அதுவும் ஒன்று பத்தாது, நாலு. மதுரையைச் சுற்றி நாலு மொட்டை மாடியில் கருவி வைத்து, மின்னல் விழும் இடத்தை நான் தேடிய கதை இது.

கணக்கு எளிமையானது. தரையைத் தொடும் மின்னலில் பல்லாயிரம் ஆம்பியர் ஓட்டம் சில மைக்ரோ நொடிக்குள் எழும்புகிறது. அந்த உதறலில் ஒரு வானொலி அலை பிறக்கிறது. அதன் வலு 10 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் அதிகம். இந்த அலை தரைக்கும், வானத்தின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கான அயனி மண்டலத்துக்கும் நடுவே மோதி மோதி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். அதனால்தான் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்தும் உலக மின்னல் வலையமைப்பு எழுபது சொச்சம் நிலையங்களை வைத்து பூமி முழுவதையும் பார்க்கிறது. அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும். ஒரே மின்னலின் அலை உசிலம்பட்டிக்கு எப்போது வந்தது, மேலூருக்கு எப்போது வந்தது என்ற வித்தியாசம் தெரிந்தால், மின்னல் எந்த வளைகோட்டின் மேல் விழுந்தது என்று தெரிந்துவிடும். மூன்றாவது நிலையம் இன்னொரு வளைகோடு தரும், இரண்டும் வெட்டும் இடம் புள்ளி. சில நேரம் இரண்டு இடத்தில் வெட்டும். எது நிஜம் என்று தீர்த்துவைக்க நாலாவது.

'தாமினி' என்ற மின்னல் எச்சரிக்கைச் செயலி இருக்கும்போது இது எதற்கு என்று எல்லாரும் கேட்டார்கள். புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் நாடு முழுக்க உணரிகள் வைத்து, 20 கி.மீ., 40 கி.மீ. வட்டத்துக்குள் மின்னல் இருந்தால் போனில் எச்சரிக்கை தருகிறது. வயல்காட்டில் வேலை செய்பவர்கள் அதைத்தான் வைத்திருக்க வேண்டும், என் மாடிக் கருவியை நம்பி யாரும் ஆட்டை மேய விட வேண்டாம். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ஆசைதான் எனக்கு.

முதலில் வாங்கியது ஏ.எஸ்.3935 என்ற சில்லு இருக்கும் சின்னப் பலகை. 500 கிலோஹெர்ட்ஸில் கேட்கிறது, புயல் முகப்பு 40 கி.மீ. தூரத்திலிருந்து தலைக்கு மேல் வரை எங்கே இருக்கிறது என்று படிப்படியாக ஊகித்துச் சொல்கிறது. தூரம் மட்டும்தான், திசை கிடையாது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அருமையான பொருள். இடம் கண்டுபிடிக்க இது போதாது என்பதால் இதோடு விடுகிறேன்.

கம்பிச் சட்டம்

மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்குக் காந்தப் புலத்தைப் பிடிக்கும் கம்பிச் சட்டம்தான் நம் வீடுகளுக்குச் சரிப்படும். நெட்டுக்குத்தாகக் கம்பி நட்டு மின் புலத்தைப் பிடித்தால் பக்கத்து வீட்டு டியூப்லைட் வரை எல்லாம் வந்து ஏறும். பிவிசி குழாயில் மீட்டருக்கு மீட்டர் சதுரச் சட்டம், அதற்குள் பன்னிரண்டு சுற்று எனாமல் கம்பி. கம்பிக்கு மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனேன்.

"எத்தனை எச்பி மோட்டார் தம்பி?"

"மோட்டாருக்கு இல்லண்ணே. இடி எங்க விழுதுன்னு பாக்குறதுக்கு."

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 22 கேஜ் கம்பியை நிறுத்துக் கொடுத்தார். "அறுந்து போனா கொண்டாங்க, ஒட்டித் தர்றேன்" என்றார்.

குழாயின் மேல் அலுமினியத் தாள் சுற்ற வேண்டும், மின் புல இரைச்சலைத் தடுக்க. ஆனால் மேல் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம். முழுதாகச் சுற்றிவிட்டால் தாளே ஒரு மூடிய சுற்றாகி, நாம் பிடிக்க நினைக்கும் காந்தப் புலத்தை அதுவே தின்றுவிடும். சட்டத்தின் அடியில் ஒரு பெட்டி, அதற்குள் என்.இ.5534 ஒலிப்பெருக்கிச் சில்லு, உள்ளீட்டில் எதிரெதிராக இரண்டு டையோடு. பக்கத்தில் எங்காவது விழுந்தால் சட்டத்தில் எழும் மின்னழுத்தம் சில்லைக் கொன்றுவிடக் கூடாது என்பதற்காக டையோடு. கீழே வரும் கம்பி ஒலி டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வருகிறது, நேரடித் தொடர்பு இல்லை. சட்டம் எங்கள் வீட்டுத் தண்ணீர் தொட்டியை விடத் தாழ்வாக நிற்கிறது; உயரமாக நட்டால் கூடுதலாக எதுவும் கேட்காது, வினைதான் தேடி வரும். மேகம் திரண்ட பிறகு மாடிக்குப் போவதில்லை. மின்னிய 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் வந்துவிட்டது என்று பொருள், அதற்குப் பிறகு ஸ்குரூடிரைவருக்கு மாடியில் வேலை இல்லை.

மின்தடை நாள்

சட்டத்தை முதலில் இணைத்துக் கணினியில் பார்த்தபோது மின்னலுக்கு இடமே இல்லை. 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் வேலி போட்டு நின்றன. அதற்கு மேல் எல்.இ.டி. பல்புகளின் உள்ளே இருக்கும் மின்மாற்றுச் சுற்று, மின்விசிறி ரெகுலேட்டர், போன் சார்ஜர், கூரைச் சூரிய மின்சாரத்தின் இன்வெர்ட்டர். எது யாருடையது என்று பிரிப்பதற்கு எனக்குக் கிடைத்த சிறந்த கருவி மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைதான். காலை ஒன்பது மணிக்குத் தெரு முழுக்க மின்சாரம் போகும். நம் வீட்டு இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியைப் பவர் பேங்கில் ஓட்டினால், நகரத்துக்குள்ளேயே கிராமத்து அமைதி. ஆனால் கொஞ்ச நேரம்தான். வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் முழித்துக்கொள்ளும். சதுர அலை தரும் பழைய மாடல்கள் சீறும் சத்தம் சைன் அலை மாடல்களை விடப் பல மடங்கு. கையில் பாக்கெட் ரேடியோவோடு தெருவில் நடந்தால் எந்த வீடு என்று கூடச் சொல்லிவிடலாம்.

மின்சாரம் திரும்பியதும் ஒவ்வொரு இரைச்சலும் எப்போது உள்ளே வருகிறது என்று கவனித்தேன். என் அறையில் இரண்டு பல்பு, ஒரு சார்ஜர், மாடிப்படி விளக்கு: நாலையும் மாற்றியதில் பாதி இரைச்சல் போய்விட்டது. மீதிப் பாதி பக்கத்து வீட்டுச் சூரியத் தகடுகள். அவர்களிடம் போய் அணைக்கச் சொல்ல முடியாது. சட்டத்தை மாடியின் மறு மூலைக்குக் கொண்டுபோனேன். காந்தப் புல இரைச்சல் தூரத்தோடு வேகமாக விழும், பத்து மீட்டர் நகர்த்தியதே பெரிய லாபம்.

இரைச்சல் எல்லாம் அடங்கிய பிறகும் ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. 18.2 கிலோஹெர்ட்ஸில் ஒரு கோடு. இரவும் பகலும், மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அது வீட்டு இரைச்சலே இல்லை. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம், கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் அலை அது. உலகம் முழுக்க இந்த அதிர்வெண்களைக் கேட்பவர்கள் வி.டி.எக்ஸ். என்ற அழைப்புக் குறியில் அதை அறிவார்கள். திருநகரிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 170 கி.மீ., கிட்டத்தட்ட நேர் தெற்கு.

இங்கே கம்பிச் சட்டத்தின் குணம் கைகொடுத்தது. சட்டத்தின் விளிம்பு அலை வரும் திசையைப் பார்த்து இருந்தால் அதிகம் பிடிக்கும். குறுக்கே நின்றால் கிட்டத்தட்ட ஒன்றும் பிடிக்காது. சட்டத்தைக் கிழக்கு மேற்காக நிறுத்தினால் தெற்கிலிருந்து வரும் வி.டி.எக்ஸ். மெலிந்துவிடும், மேற்கு மலைத்தொடர்ப் பக்கத்து மின்னல் முழு பலத்தோடு வரும். மதுரைக்குக் கோடை மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து, சாயங்காலம் திரண்டு வருவது. எனக்கு வேண்டிய திசையும் அதுதான். நேர் வடக்கிலும் நேர் தெற்கிலும் விழுவதைக் கொஞ்சம் இழக்கிறோம். ஆனால் நாலு நிலையத்துக்கும் ஒரே மின்னல் ஒரே திசையில் இருக்காது என்பதால் தாங்கிக்கொள்ளலாம்.

நாலு மாடி

திருநகர் என் வீடு. மேலூரில் அக்கா வீடு. உசிலம்பட்டியில் நண்பனின் தோட்டத்து வீடு. விருதுநகரில் உடன் படித்த இயற்பியல் ஆசிரியர் வீடு. இவற்றில் அதிக தூரம் விருதுநகருக்கும் மேலூருக்கும், நேர்க்கோட்டில் சுமார் 65 கி.மீ. அதாவது எந்த மின்னலாக இருந்தாலும் அந்த இரண்டுக்கும் நடுவில் வரும் நேர வித்தியாசம் சுமார் 220 மைக்ரோ நொடியைத் தாண்டாது. ஒரே மின்னலில் மூன்று நாலு முறை ஓட்டம் அடிக்கும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பல பத்து மில்லி நொடி இடைவெளி. அதனால் எந்த அடிக்கு எது ஜோடி என்று குழப்பமே வருவதில்லை.

அக்காவுக்குத்தான் கோபம். "துணிக் கொடியை அவுத்துட்டு இதை நட்டு வச்சிருக்கியேடா, மழை வரும்னு இது சொல்றதுக்குள்ள துணி நனைஞ்சு போகும்." அதில் நியாயம் இருந்தது. கொடியை வேறு பக்கம் கட்டிக்கொடுத்தேன்.

எல்லாவற்றுக்கும் உயிர் நேரம். யுஎஸ்பி ஒலி அட்டை அலையை நொடிக்கு 96,000 முறை அளந்து மாதிரிகள் எடுக்கிறது. ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் 10.4 மைக்ரோ நொடி, தூரமாகப் பார்த்தால் மூன்று கி.மீ. அட்டையின் உள்ளே இருக்கும் கடிகாரப் படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினால் போதும், ஒவ்வொரு நொடியும் 20 மைக்ரோ நொடி, அதாவது 6 கி.மீ. விலகும். இணைய நேரம் மில்லி நொடிக் கணக்கில் ஆடுவது, பக்கத்தில் கூட வராது. ஜிபிஎஸ்தான் வழி. நியோ-6எம் சில்லு இருக்கும் மலிவுப் பலகையில் ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் ஒரு துடிப்பு தரும் முனை இருக்கிறது. அதன் துல்லியம் நானோ நொடிக் கணக்கு. அந்தத் துடிப்பை மின்தடைகளால் குறைத்து, ஒலி அட்டையின் வலது வாய்க்கு விட்டேன். இடது வாய்க்குச் சட்டம். இப்போது மின்னலும் கடிகாரமும் ஒரே பதிவில், மாதிரிகளின் ஒரே எண்ணிக்கையில் விழுகின்றன. படிகம் எவ்வளவு பிசகினாலும் இரண்டு துடிப்புக்கு நடுவில் எண்ணிப் பார்த்துத் திருத்திவிடலாம். மிகத் தாழ்ந்த அதிர்வெண் ஆர்வலர்கள் வெகுநாளாகச் செய்துவரும் வேலைதான் இது. இலவச மென்பொருளும் இருக்கிறது.

முழுப் பதிவையும் சேமித்தால் ஒரு நிலையத்துக்கே நாளைக்கு 33 ஜிபி ஆகும். அதனால் வரம்பைத் தாண்டும் துடிப்பு வரும்போது அதைச் சுற்றி ஒரு மில்லி நொடி மட்டும் வெட்டி, நேர முத்திரையோடு என் வீட்டுக்கு அனுப்புகிறது.

கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் விரட்டி அடித்த வி.டி.எக்ஸ்ஸைத் திரும்பக் கூப்பிட்டேன். சட்டத்தைக் குறுக்கே வைத்தாலும் கொஞ்சம் மிச்சம் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும். அந்த அலையில் என்ன செய்தி போகிறது என்பது நமக்குத் தெரியாது, தேவையும் இல்லை. இரண்டு நிலையங்களிலும் ஒரே நேரத்தில் பதிவான அதே அலையின் கட்டத்தை, அதாவது 360 பாகைச் சுற்றில் அலை எங்கே நிற்கிறது என்பதைக் கழித்தால் செய்தி கழிந்து, வித்தியாசம் மட்டும் மிஞ்சும். வி.டி.எக்ஸ். கோபுரங்களும் நகர்வதில்லை, அக்கா வீடும் நகர்வதில்லை. அதனால் பகல் நேரத்தில் அந்த வித்தியாசம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நின்றால் கடிகாரங்கள் ஒத்துப்போகின்றன. சாயங்காலம் அயனி மண்டலம் மாறும்போது மெதுவாக நகரும், அது வேறு கதை.

இந்தக் காவல் உடனே வேலை செய்தது. மேலூரின் வித்தியாசத்தைக் காட்டும் கோடு நின்ற இடத்திலிருந்து திடீர் திடீரென்று 68 பாகை தாவியது, பிறகு திரும்பியது. 18.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 55 மைக்ரோ நொடி. ஒரு மாதிரியின் 10.4 மைக்ரோ நொடி அதில் சரியாக 68 பாகை. ஆக, மேலூரில் ஜிபிஎஸ் துடிப்பு அவ்வப்போது ஒரே ஒரு மாதிரியின் அளவு தள்ளி எண்ணப்படுகிறது. போய்ப் பார்த்தால், பலகை மாடியில், கணினி கீழே, நடுவில் நீளமான கம்பி. துடிப்பின் விளிம்பு கம்பியில் மழுங்கி, அதன் மேல் 50 ஹெர்ட்ஸ் முனகலும் ஏறி, வரம்பைத் தாண்டும் கணம் முன்பின் ஆடியது. பலகைக்குப் பக்கத்திலேயே 74எச்.சி.14 ஸ்மிட் சில்லு ஒன்றைப் போட்டு விளிம்பைக் கூர்மையாக்கி அனுப்பியதும் கோடு அடங்கியது. வி.டி.எக்ஸ். இல்லாவிட்டால் இது எனக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை; வரைபடத்தில் சில புள்ளிகள் மூன்று கி.மீ. தள்ளி விழுந்திருக்கும், மின்னல் அங்கேதான் விழுந்தது என்று நம்பியிருப்பேன்.

புள்ளி விழுந்தது

இடம் காணும் நிரல் நான் எதிர்பார்த்ததை விடச் சின்னது. மதுரையைச் சுற்றி ஒரு கி.மீ. கட்டங்களாக வரைபடத்தைப் பிரித்தேன். மின்னல் இந்தக் கட்டத்தில் விழுந்திருந்தால் நாலு நிலையத்துக்கும் என்ன வித்தியாசத்தில் வந்திருக்கும் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்கிட்டு, நிஜமாக வந்த வித்தியாசத்தோடு எது நன்றாகப் பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்வது. வளைகோட்டுச் சமன்பாடு எதையும் தீர்க்க வேண்டியதில்லை. கணினிக்குச் சலிப்பு இல்லை. பொருத்தம் 10 மைக்ரோ நொடியை விட மோசமாக இருந்தால் அந்த மின்னலைத் தள்ளிவிடுவேன்.

நேர வித்தியாசத்தை எடுக்க ஒரு நிலையத்தின் அலையை இன்னொன்றின் மேல் நகர்த்தி நகர்த்தி, எங்கே பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். அதிலும் ஒரு வேடிக்கை. கொடைக்கானல் பக்கம் விழுந்தவை நன்றாகப் பொருந்தின. மதுரைக்கு அருகே விழுந்தவை, அதாவது இன்னும் பலமாக வந்தவை, பொருந்தவே மாட்டேன் என்றன. திரையில் உசிலம்பட்டி அலையையும் மேலூர் அலையையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: ஒன்று மேலே எழும்பினால் மற்றது கீழே இறங்குகிறது, அச்சு அசலாகத் தலைகீழ். மின்னலின் காந்தப் புலம் அதைச் சுற்றி வட்டமாகச் சுழல்வது. கிழக்கே நிற்கும் சட்டத்தில் ஒரு பக்கமாகவும் மேற்கே நிற்பதில் மறு பக்கமாகவும் நுழையும். கொடைக்கானல் இரண்டு நிலையத்துக்கும் மேற்கே, அதனால் இரண்டிலும் ஒரே முகம். மதுரை மின்னல் இரண்டுக்கும் நடுவே. நிரலில் எதிர்ப் பொருத்தத்தையும் ஏற்றுக்கொள்ளும்படி ஒரு வரி மாற்றியதும் நடுவில் இருந்த ஓட்டை நிரம்பியது. இப்போது தலைகீழாக வந்தாலே, கணக்குப் போடுவதற்கு முன்பே, 'உசிலம்பட்டிக்குக் கிழக்கே, மேலூருக்கு மேற்கே விழுந்திருக்கிறது' என்று தெரிந்துவிடுகிறது.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் நாகமலைக்கு அந்தப்புறம், செக்கானூரணி மேல் கட்டிக்கொண்டு வந்தது. போன் கேமராவை ஜன்னல் வழியாக மேற்கே திருப்பி வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். வீடியோவில் படமும் ஒலியும் ஒரே கடிகாரத்தில் இருப்பதால், வெளிச்சத்துக்கும் இடிக்கும் இடைவெளி நேராகக் கிடைக்கும். தெளிவாகக் கேட்ட ஒன்றில் இடைவெளி 19 நொடி, அதாவது 6.5 கி.மீ. நிரல் வைத்த புள்ளி என் வீட்டிலிருந்து ஏழு கி.மீ.க்குச் சற்று மேல். மற்றவற்றிலும் இடி சொல்லும் தூரம் பெரும்பாலும் குறைவாகவே இருந்தது. அதற்குக் காரணம் உண்டு: மின்னல் தூண் போல் நேராக இறங்குவதில்லை, கிளை விரித்துச் சாய்ந்து வருகிறது. முதலில் காதில் விழும் இடி நமக்கு அருகிலிருக்கும் கிளையினுடையது, தரையைத் தொட்ட இடத்தினுடையது அல்ல.

உசிலம்பட்டி நண்பனின் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "போன வாரம் நம்ம கம்மாக்கரைப் பனையில விழுந்துச்சே, அது இதுல இருக்காப்பா?" அந்த மரத்தை நானே பார்த்திருக்கிறேன், உச்சி கருகி நின்றது. அந்த மாலைப் பதிவைத் தேடினேன். புள்ளி இருந்தது, கண்மாயிலிருந்து ஒன்றரை கி.மீ. தள்ளி. "ஒன்றரை கிலோமீட்டர்னா அடுத்த ஊர்ல" என்று சிரித்தார். மாதிரிக்கு மாதிரி மூன்று கி.மீ. இடைவெளியை வைத்துக்கொண்டு ஒன்றரைக்கு வந்ததே அலையை அலையோடு பொருத்தியதால்தான் என்று விளக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

நாலு நிலையங்களுக்கு உள்ளே விழுவது நன்றாக வருகிறது. வெளியே போகப் போகக் கெடுகிறது, அதுவும் ஒரு பக்கமாக. வருசநாட்டு மலை மேல் விழுந்த மின்னல்கள் வரைபடத்தில் கொத்தாக விழாமல், மதுரையிலிருந்து மேற்கே நீண்ட ஒரு கீற்றாகக் கிடக்கின்றன. திசை சரி, தூரம் தள்ளாடுகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் அலைக்கு நம் நாலு மாடியும் கிட்டத்தட்ட ஒரே பக்கம். மின்னல் பத்து கி.மீ. முன்பின் நகர்ந்தாலும் நேர வித்தியாசம் சில மைக்ரோ நொடிதான் மாறும், நம் பிழையும் அதே அளவு. கடிகாரத்தை இன்னும் கூர்மையாக்கி இதைச் சரிசெய்ய முடியாது. மலைக்கு அந்தப் பக்கமோ மலையடியிலோ ஐந்தாவது நிலையம் ஒன்று வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை எங்கேயானாலும் சரி. வானம் தெரியும் மாடி, ஐம்பது மீட்டருக்குள் சூரிய மின்சார இன்வெர்ட்டரும் மின்வேலி பொருத்திய தோட்டமும் இல்லாத இடம், போன் சிக்னல் சுமாராக இருந்தால் போதும். சட்டத்தைக் கிழக்கு மேற்காக நிறுத்த இரண்டு மீட்டர் இடமும், துணிக் கொடியை இடம் மாற்ற வீட்டுப் பெண்களின் சம்மதமும் வேண்டும்.